ஊசியை எண்ணிவிட்டு நடுங்கள்

டிசம்பர் பிறந்தால் நர்சரி வாசல்களில் ஒரு செடி முன்வரிசைக்கு வந்துவிடும். அடுக்கடுக்காக விரிந்த கிளைகள், உச்சியில் ஒற்றைக் குருத்து, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இருக்கும் அதே வடிவம். விற்கிறவர் பைன் என்பார். வாங்குகிறவரும் நம்பி வாங்கிப்போய், காம்பவுண்டு சுவரிலிருந்து நாலடி தள்ளிக் குழி தோண்டுவார். கேள்விகள் பிறகுதான் கிளம்பும். ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறது? உச்சியை வெட்டினால் அகலமாகப் படருமா? பைன் வளர்ப்பைப் பற்றி எழுதியதையெல்லாம் தேடிப் படித்தாலும் எதுவும் பொருந்தாது. பொருந்தவும் முடியாது, முற்றத்தில் நிற்பது பைனே இல்லை. பசுமை மாறாத பைன் ஒன்றைத் தோட்டத்தில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: மண்ணும் உரமும் தண்ணீரும் அப்புறம், முதலில் அது எந்த மரம் என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால் எங்கே வளரும், எவ்வளவு உயரும், என்ன நோய் வரும், எங்கே அதை நடவே கூடாது என்பதில் பெரும்பகுதி தானாகத் தெரிந்துவிடும். தாவரவியல் படித்தவர்களின் வேலை இது என்று ஒதுங்க வேண்டாம். ஓர் ஊசிக்கொத்தைப் பறித்து எண்ணத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பைனின் அடையாளத்தை அதன் உருவத்தில் தேடினால் ஏமாந்துபோவோம். நேரான தண்டும் கூம்பு வடிவமும் வேறு பல மரங்களுக்கும் உண்டு. வயதான பைன்கள் பலவும் கூம்பு வடிவத்தை இழந்து உச்சி தட்டையாகி நிற்கும். அடையாளம் இலையில் இருக்கிறது. பைனின் ஊசிகள் கிளையிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்புவதில்லை. இரண்டோ மூன்றோ ஐந்தோ ஊசிகள் அடிப்பக்கம் ஒன்றாகச் சேர்ந்து, காகிதம் மாதிரி மெல்லிய உறை ஒன்றுக்குள்ளிருந்து வரும். அந்தக் கொத்து உண்மையில் ஒரு குட்டைக் கிளை. அதனால்தான் உதிரும்போதும் ஊசிகள் கொத்தாகவே கீழே விழுகின்றன. ஒரு கொத்தின் ஊசிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால், ஆரஞ்சுச் சுளைகள் சேர்ந்து முழுப் பழமாவதுபோல, ஓர் உருளையாகிவிடும். இரண்டு ஊசி இனத்தில் ஒவ்வோர் ஊசியும் குறுக்குவெட்டில் அரைவட்டம். மூன்று ஊசியில் வட்டத்தின் மூன்றிலொரு பங்கு. ஐந்தில் இன்னும் ஒடுங்கிய முக்கோணம். கொத்துக்கு ஒரே ஊசி உள்ள பைன் ஒன்று அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில் இருக்கிறது. கணக்குப் பிசகாமல் அதன் ஊசி முழு வட்டமாகவே இருக்கும். உலகில் நூற்றுப்பத்துக்கு மேற்பட்ட பைன் இனங்கள் உண்டு. அத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஊசிகளின் எண்ணிக்கை, நீளம், உறை ஓராண்டுக்குள் உதிர்கிறதா அல்லது கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருக்கிறதா, கூம்பின் அளவு ஆகிய நான்கையும் பார்த்தாலே தோட்டத்துக்கு வருகிற இனங்களைப் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

இந்தியாவின் சொந்தப் பைன்களை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம். உத்தராகண்ட், இமாசலப் பிரதேசத்தின் தாழ்ந்த சரிவுகளை நிறைத்து நிற்கும் சிர் பைனுக்கு மூன்று நீண்ட ஊசிகள். இன்னும் உயரத்தில், குளிர் கூடிய இடத்தில் வளரும் நீலப் பைனுக்கு ஐந்து. மெலிந்து தொங்கும், கூம்பும் நீளமாகத் தொங்கும். மேகாலயத்தின் காசி மலைப் பைனுக்கு மூன்று. உலர்பழக் கடையில் சில்கோஸா என்று விலை மயக்கம் வரவைக்கும் விதை கின்னோர்ப் பக்கத்துப் பைன் ஒன்றிலிருந்து வருவது. அதற்கும் மூன்று ஊசிகள்தான், ஆனால் உறை சீக்கிரமே உதிர்ந்துவிடும், பட்டை செதில் செதிலாக உரிந்து திட்டுத் திட்டாகத் தெரியும். இவை எல்லாமே இமயமலையும் வடகிழக்கு மலைகளும் சார்ந்தவை. விந்திய மலைக்குத் தெற்கே இயற்கையாக ஒரு பைன்கூடக் கிடையாது. தென்னிந்தியாவுக்கு என்று சொந்தமாக உள்ள ஒரே ஊசியிலை வகை மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் நாகெயா. அதற்கு ஊசியிலையே கிடையாது, அகலமான இலைதான். பெயருக்குள் ஊசியை வைத்துக்கொண்டு குடும்பத்தை அறிய முடியாது என்பதற்கு அந்த மரமே சாட்சி.

இனி, பைன் என்று நம்மிடம் வந்து சேரும் மற்றவை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பைன் என்றதும் நினைவுக்கு வருவது சவுக்குத்தான், காற்றில் அது எழுப்பும் ஓசையும் அப்படித்தான் இருக்கும். ஆனால் சவுக்கின் 'ஊசி' இலையே அல்ல, பச்சை நிறக் குச்சிக் கிளை. விரலால் இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் பல் பல்லாகத் தெரிகிற ஏழெட்டு நுண்ணிய செதில்கள்தான் நிஜ இலைகள். அது பூக்கும் மரம், பைனுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நர்சரியில் துஜா, சைப்ரஸ் என்று விற்பவற்றின் இலை ஊசியாக இருக்காது, செதில்கள் படிந்த தட்டையான அல்லது உருண்ட மெல்லிய கிளையாக இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் சாலையோரங்களில் நிற்கும் பல மரங்கள் இந்தச் சைப்ரஸ் வகைதான். சிம்லா, மணாலிக்குப் போய்வந்தவர்கள் பைன் என்று படம் போடும் மரங்களில் கணிசமானவை தேவதாரு. அதன் குட்டைக்கிளை நுனியில் ஊசிகள் இரண்டு மூன்று இல்லை, இருபது முப்பது சேர்ந்து பூச்செண்டு மாதிரி விரிந்திருக்கும். தனித்தனி ஊசியாக இருந்து, அது தட்டையாகவும் கூம்பு கிளைமேல் நிமிர்ந்தும் இருந்தால் ஃபிர். ஊசி நாற்பட்டையாக விரல்களுக்கிடையில் உருண்டு, கூம்பு கீழ்நோக்கித் தொங்கினால் ஸ்புரூஸ். கிறிஸ்துமஸ் மரமாக ஐரோப்பாவில் வெட்டி வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான்.

டிசம்பரில் நம் நர்சரி வாசலுக்கு வருகிற செடி இவற்றில் எதுவும் இல்லை. அது அரௌகேரியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவைச் சேர்ந்த ஓர் இனமும் நார்ஃபோக் தீவைச் சேர்ந்த இன்னோர் இனமும் அதே பெயரில் கலந்து புழங்குகின்றன. 1774இல் கேப்டன் குக்கின் இரண்டாவது பயணத்தின்போது ஐரோப்பியர் கண்ணில் பட்டவை இவை. வெப்பநாடுகளில் நார்ஃபோக் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பங்கு உண்மையில் நியூ கலிடோனிய மரமே. கன்றாக இருக்கையில் வேறுபாடு லேசில் தெரியாது. வளர்ந்தபின் நியூ கலிடோனிய மரம் தூண்போல ஒடுங்கி நிற்கும், பட்டை கிடைவாட்டில் சுருள் சுருளாக உரியும், நார்ஃபோக் மரம் அகன்ற கூம்பாக விரியும். சாய்வுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து கண்டங்களில் 18 இடங்களில் 256 நியூ கலிடோனிய மரங்களை அளந்து பார்த்தார்கள். வட அரைக்கோளத்தில் நின்றவை தெற்கே சாய்ந்திருந்தன, தென் அரைக்கோளத்தில் நின்றவை வடக்கே. அதாவது எங்கே நின்றாலும் பூமத்தியரேகையின் பக்கம். சராசரிச் சாய்வு 8.55 பாகை. பூமத்தியரேகையிலிருந்து விலக விலகச் சாய்வும் கூடியது, ஆகவே தமிழ்நாட்டில் அது அவ்வளவாகத் தெரியாமலும் போகலாம். தெற்கே சாயும் கன்றுக்கு முட்டுக் கொடுத்து, கயிறு கட்டி, உரம் மாற்றி அலைவதில் பயன் இல்லை. அதன் சுபாவம் அது. தாயகத்தில் 60 மீட்டர் வரை உயரக்கூடிய மரம் அது என்பதும் தெரிந்திருந்தால் சுவருக்கு நாலடியில் யாரும் குழி தோண்டமாட்டார்கள். உச்சிக் குருத்தை வெட்டலாமா என்ற கேள்வியும் அப்படித்தான் தீரும். அரௌகேரியாவின் பக்கக் கிளை எப்போதும் பக்கவாட்டிலேயே வளரும். அதிலிருந்து பதியன் எடுத்தால் அந்தச் செடியும் நிமிராமல் படுத்தபடிதான் நீளும். உச்சியை வெட்டியவர் மரத்தின் வடிவத்தையே வெட்டிவிட்டார். பைனைப் பற்றிய எந்தக் குறிப்பிலும் இது இருக்காது.

இதைப் படித்துவிட்டு, 'சரி, அப்படியானால் நிஜமான பைனையே சமவெளியில் நடுகிறேன்' என்று யாராவது கிளம்பலாம். கிளம்புவதற்கு முன் மண்ணுக்கடியில் நடப்பதையும் பார்க்க வேண்டும். பைன் வேர் தனியாக உழைப்பதில்லை. குறிப்பிட்ட சில பூஞ்சைகள் அதன் நுனிவேர்களை உறைபோட்டதுபோல் சூழ்ந்துகொண்டு, மண்ணிலிருந்து பாஸ்பரஸையும் நீரையும் திரட்டிக் கொடுக்கின்றன. பதிலுக்கு மரம் சர்க்கரை கொடுக்கிறது. பைன் இல்லாத நாட்டு மண்ணில் இந்தப் பூஞ்சைகளும் இருக்காது. கரீபியக் கடலின் போர்ட்டோ ரிக்கோவில் பல ஆண்டுகள் பைன் நட்டுப் பார்த்தார்கள், நாற்றுகள் வெளுத்துக் குன்றிப்போய்ச் செத்தன. 1955இல் வட கரோலினாவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து வேரில் சேர்த்த பிறகே அவை எழுந்தன. பூஞ்சையைத் தொட்டியோடு கொண்டுவந்துவிடலாம், அதில் பெரிய வித்தை இல்லை. ஆனால் பைன்களுக்குப் பொதுவாக அமிலத்தன்மை உள்ள, நீர் தேங்காத மண் வேண்டும். நம் கரிசலும் சுண்ணாம்பு கலந்த வண்டலும் இரண்டுக்கும் எதிர்; அவற்றில் இரும்புச்சத்து மண்ணிலேயே இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் ஊசிகள் மஞ்சளாகும். கரீபியப் பைன் வெப்பநாட்டுத் தாழ்நிலங்களில் வளருகிறதே என்று கேட்டால், வளர்கிறதுதான். வடிகால் உள்ள செம்மண் பூமியில், அமிலத்தன்மை இருக்கும் இடத்தில் சிலர் அதைப் பிழைக்கவைக்கவும் கூடும். பிழைக்கவைப்பதற்கும் செழிப்பாக வளர்ப்பதற்கும் உள்ள தூரம்தான் என் கவலை. எதற்காக அந்தப் பாடு? கூம்பு வடிவமும் குறைந்த இடமும் வேண்டுமென்றால் நெட்டிலிங்கம் இருக்கிறது, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மரம். ஆண்டு முழுக்கப் பச்சையும் நிழலும் வேண்டுமென்றால் மகிழம், புன்னை, நாவல் என்று மூன்று தலைமுறைக்கும் தாங்குகிற மரங்கள் இருக்கின்றன. பைனின் ஓசைக்காகத்தான் என்றால் சவுக்கைவிட நெருங்கி வரக்கூடியது எதுவும் இல்லை.

மலைக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே பைன் வளரும். அளவுக்கு மீறி வளரும், சிக்கல் அதுதான். கொடைக்கானலில் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் பைன் காட்டில் ஊசிக்கொத்தைப் பொறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று ஊசிகள், நீளமாகக் குழைந்து தொங்குபவை. மேல்தண்டில் செம்பழுப்புப் பட்டை காகிதம்போல உரியும். கூம்புகள் கிளையில் கொத்தாக ஒட்டியபடி ஆண்டுக்கணக்கில் திறக்காமல் இருக்கும். இது பாட்டுலா பைன், மெக்சிகோ மலைநாட்டு மரம். எண்ணிய ஊசி இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறது. திறக்காத கூம்பு வெயிலிலும் தீயின் வெப்பத்திலும் விரிந்து சிறகுள்ள விதைகளைக் காற்றில் விடும், திறந்த வெளியில் விழுந்த விதை முளைக்கும். பழனி மலையிலும் நீலகிரியிலும் அந்தத் திறந்த வெளி என்பது சோலைகளுக்கு இடையே பரந்து கிடந்த புல்வெளி. மாநில விலங்கான வரையாடு மேய்கிற புல்வெளி. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் காட்டியது. மரத்தோட்டங்களும் விவசாயமும்தான் காரணம். மரத்தோட்டம் என்றால் பைன் மட்டும் இல்லை, சீகையும் யூகலிப்டஸும் அதில் பெரும்பங்கு. பைனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அது நேர்மையாகாது. ஆனால் தண்ணீர்க் கணக்கில் பைனுக்கென்று தனியாகவே ஒரு சான்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மோகொபுலான் என்ற இடத்தில், புல் மூடிய நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றில் இதே பாட்டுலா பைனை நட்டு ஓடையின் நீரை அளந்துவந்தார்கள். நான்காம் ஆண்டிலேயே நீர் குறைந்தது தெரிந்தது. பன்னிரண்டாம் ஆண்டில் ஓடை முற்றிலும் வறண்டது. புல் குளிர்காலத்தில் அடங்கிவிடும், பசுமை மாறாத மரம் ஆண்டு முழுக்கக் குடிக்கும், அதன் ஊசிகளில் படிகிற மழையில் ஒரு பகுதி தரைக்கே வராமல் ஆவியாகும். 'எவர்கிரீன்' என்று நாம் மெச்சுகிற குணத்துக்கு ஓடைதான் விலை கொடுத்தது.

இதற்கு வருகிற முதல் மறுப்பு, நூறு ஆண்டுகளாக நின்று ஊரோடு ஒட்டிவிட்ட மரங்களை வெட்டச் சொல்வதா என்பது. நான் அதைச் சொல்லவில்லை. நிற்கிற தோப்பு, அதைச் சுற்றிப் பிழைக்கிற குதிரைக்காரர், சோளம் சுட்டு விற்கிறவர் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். கேட்பது புதிதாக நடுவதைப் பற்றி. விடுதி கட்டுகிறவர் 'மலைத் தோற்றம்' வேண்டும் என்று வேலியோரம் முப்பது பைன் வைத்தால், விதை வேலிக்குள் நிற்காது. இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. பைன் தன் நிழலில் சொந்தக் காட்டைத் திரும்பக் கொண்டுவருகிறது, இலங்கையில் அப்படி நடந்திருக்கிறதே என்பார்கள். நடந்திருக்கிறது. மலையகத்தின் புல்மலைகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் காடழிந்து கெகில்ல எனப்படும் பெரணி மண்டிய இடங்களிலும் கரீபியப் பைனை வனத்துறை பெருமளவில் நட்டது. சிங்கராஜக் காட்டின் விளிம்பில் இருந்த அப்படி ஒரு தோப்புக்குள் மார்க் ஆஷ்டனும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க இருவரும் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்து, 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கன்றுகள் பிழைத்தன. ஆனால் எங்கே நன்றாக வளர்ந்தன என்று பார்த்தால், பைன் வரிசைகளை வெட்டியெடுத்து வெளிச்சம் விட்ட இடங்களில். பைன் கூரை முழுசாக மூடியிருந்த இடத்தில் அவை சோர்ந்துதான் நின்றன. ஆக அந்தச் சோதனையில் பைன் செவிலித்தாயாக இருந்தது மூன்று நிபந்தனைகளோடு: நிலம் ஏற்கெனவே கெட்டிருந்தது, பக்கத்திலேயே காடு இருந்தது, குறித்த காலத்தில் பைனை வெட்டினார்கள். அங்கே இழந்தது காடு. பழனி மலையில் இழப்பது புல்வெளி. புல்வெளியில் நட்ட மரம் எந்தப் புல்வெளிக்கும் செவிலியாக இருக்க முடியாது.

இவ்வளவு சொன்னபின் பைனை எங்கேதான் நடுவது என்ற கேள்வி நியாயமானது. அது ஊர்க்காரனாக இருக்கிற இடத்தில் நடலாம், தாராளமாக. தமிழர்கள் பெருவாரியாகக் குடியேறிய டொராண்டோவும் அதன் புறநகர்களும் அப்படிப்பட்ட இடம். வெள்ளைப் பைன் 1984இலிருந்து ஒண்டாரியோ மாகாணத்தின் அடையாள மரம். கொத்துக்கு ஐந்து ஊசிகள், மென்மையானவை, நீலம் கலந்த பச்சை. உறை முதல் ஆண்டிலேயே உதிர்ந்துவிடும். கூம்பு ஒடுங்கி நீண்டு பிசின் வடியத் தொங்கும். ஆண்டுக்கு ஓர் அடுக்குக் கிளை விடும் என்பதால் அடுக்குகளை எண்ணி இளமரத்தின் வயதைக்கூடச் சொல்லிவிடலாம். அதே தெருவில் நடப்பட்டிருக்கும் ஆஸ்திரியப் பைனுக்கு இரண்டு ஊசிகள், நீளமும் விறைப்பும் அதிகம். செம்பைனுக்கும் இரண்டுதான், ஆனால் வளைத்தால் ஊசி சட்டென்று முறியும். ஆஸ்திரியப் பைனின் ஊசி வளைந்து கொடுக்கும். ஸ்காட்ஸ் பைனின் இரண்டு ஊசிகளும் முறுக்கிக்கொண்டு குட்டையாக இருக்கும், மேல்தண்டு ஆரஞ்சு நிறத்தில் மின்னும். இந்தப் பிரிவினை பொழுதுபோக்குக்காக இல்லை. வெள்ளைப் பைனின் பட்டையைத் தாக்கிக் கிளைகிளையாகக் கொல்லும் கொப்புளத் துருநோய் ஐந்து ஊசிப் பைன்களையே பிடிக்கும், அதுவும் கரண்ட், கூஸ்பெரி எனப்படும் பழப்புதர்கள் வழியாகச் சுற்றிவந்துதான் பிடிக்கும். இரண்டு ஊசி இனங்களை வாட்டுவது வேறொன்று, டிப்ளோடியா என்ற பூஞ்சை கொண்டுவரும் நுனிக்கருகல். ஆகவே எந்தப் புதரைப் பக்கத்தில் வைக்கக்கூடாது, எந்த நோய்க்குக் கண்வைத்திருக்க வேண்டும் என்பது ஊசியின் எண்ணிக்கையிலேயே பாதி எழுதியிருக்கிறது.

வளர்ப்பும் அங்கிருந்தே தொடங்குகிறது. வெள்ளைப் பைனுக்குச் சாலை உப்பு ஆகாது. பனி உருக்க உப்பு தூவும் பெருஞ்சாலை ஓரத்தில் வைத்தால் சாலைப் பக்க ஊசிகள் வசந்தத்தில் பழுப்பாகி நிற்கும். ஆஸ்திரியப் பைன் உப்பைத் தாங்கும், அதனால்தான் நகராட்சிகள் அதை விரும்பி வைத்தன, ஆனால் நுனிக்கருகலுக்கு அதுதான் முதல் பலி. ஒன்றைத் தவிர்த்தால் இன்னொன்று வந்து நிற்கும். எது உங்கள் மனைக்குப் பெரிய ஆபத்து என்று நீங்கள்தான் எடை போட வேண்டும். புதிய குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு இயந்திரம் ஏறி இறுகிய களிமண்ணைத்தான் விட்டிருப்பார்கள். அதில் ஆழமாகக் குழி வெட்டி நல்ல மண் கொட்டினால் அது தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிடும், பைன் வேர் அழுகும். குழி ஆழம் வேர்ப்பந்தின் உயரமே போதும், அகலம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். தண்டு வேராக விரியும் இடம் தரைமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. பந்தைச் சுற்றிய கம்பிக்கூடையையும் சாக்கையும் குழிக்குள் இறக்கியபின் வெட்டி எடுத்துவிட வேண்டும், தொட்டிக் கன்று என்றால் வட்டமாகச் சுற்றிய வேர்களைப் பிரித்துவிட வேண்டும். உதிர்ந்த பைன் ஊசியையே நாலைந்து அங்குல மூடாக்காக இடலாம், தண்டைத் தொடாமல். ஊசி மண்ணைப் புளிக்கவைத்துப் புல்லை அழித்துவிடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. மட்கும்போது அந்த அமிலம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பைனடியில் புல் வளராததற்கு நிழலும் வேர்ப் போட்டியும்தான் பெரிய காரணம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், தரை உறையும் வரை, இலையுதிர் காலத்திலும் தண்ணீர் விடுவது முக்கியம். பசுமை மாறாத மரம் குளிர்காலத்திலும் ஊசி வழியாக ஈரத்தை இழந்துகொண்டிருக்கும், உறைந்த மண்ணிலிருந்து அதை ஈடுகட்ட முடியாது.

கத்தரிப்பதில்தான் நிறையப் பேர் மரத்தைக் கெடுக்கிறார்கள். செம்பருத்தியைப்போல எங்கே வெட்டினாலும் துளிர்க்கும் என்ற எண்ணம் பைனிடம் செல்லாது. சிர் பைன் போன்ற வெகுசில இனங்களைத் தவிர, ஊசி இல்லாத பழைய கட்டையில் புதுத் துளிர் வராது; அந்தக் கிளை அங்கேயே முடிந்தது. அடர்த்தியாக வேண்டுமென்றால் வசந்த முடிவில், மெழுகுவத்திபோல் நீண்டிருக்கும் இளங்குருத்துகளின் ஊசிகள் விரிவதற்கு முன், மூன்றிலொரு பங்கோ பாதியோ கிள்ளிவிட வேண்டும். உச்சிக்குருத்து வளைந்து கருகினால் வண்டுப் புழு உள்ளே இருக்கும். அந்தக் குருத்தைச் சேதத்துக்குக் கீழே வெட்டி எரித்துவிட்டு, அடுத்த அடுக்கிலிருந்து ஒரு கிளையை நிமிர்த்திக் கட்டினால் அது உச்சியாகிவிடும். அரௌகேரியாவில் நடக்காதது பைனில் நடக்கும். அக்டோபரில் உள்பக்க ஊசிகள் மொத்தமாக மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்து மரம் செத்துவிட்டதாகப் பதறுகிறவர்களும் உண்டு. வெள்ளைப் பைனின் ஊசிக்கு ஆயுள் இரண்டு ஆண்டுக்குள்தான். போன ஆண்டு ஊசி போகிறது, இந்த ஆண்டு ஊசி நுனியில் பச்சையாக நிற்கிறது. நுனி பழுப்பாகி உள்பக்கம் பச்சையாக இருந்தால்தான் ஏதோ கோளாறு.

கடைசியாக ஒரு மறுப்பு, நகர்ப்புற மனைக்காரர்களிடமிருந்து: முப்பது மீட்டர் உயரும் மரத்தை ஐம்பதடி முன்முற்றத்தில் எங்கே வைப்பது? வைக்க வேண்டாம். வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் குறைந்தது ஆறு மீட்டர் தள்ள முடியாவிட்டால் வெள்ளைப் பைன் உங்களுக்கான மரம் இல்லை. ஐரோப்பிய மலைகளின் முகோ பைன் புதராகவே நிற்கும், சிறு மனைக்கு அதை வைக்கலாம். ஆனால் அதிலும் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் ஒன்றுபோல இருக்காது, சில இடுப்பளவோடு நிற்கும், சில ஆளுயரம் தாண்டி அறை அகலத்துக்குப் படரும். அட்டையில் குட்டை ரகத்தின் பெயர் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொத்துக்கு இரண்டு ஊசி, ஆகவே நுனிக்கருகல் வரும் இனம். மேலிருந்து தண்ணீர் தெளிக்காமல் அடியில் விடுங்கள், கருகிய குருத்துகளை மழையில்லாத நாளில் வெட்டி அப்புறப்படுத்துங்கள்.